பிரேக் பற்றி இரண்டு நிமிடம்

ஏம்மா, அந்த ஜன்னல் சீட்டைக் கொஞ்சம் எனக்குக் குடுக்க முடியுமா? வாந்தி கீந்தியெல்லாம் இல்ல, பயப்படாதீங்க. முன்னாடி ஒரு கார் போகுது, அதைப் பாக்கணும். சின்னக் கார், சிவப்பு, மண்டையில மஞ்சள் போர்டு இருக்கும். நல்லாயிருப்பீங்க. அந்தப் பையை இங்கிட்டுக் குடுங்க, நான் மேல வைக்கிறேன். இருக்கட்டும், எனக்கு ஒரு சிரமமும் இல்ல. மடியில வச்சிருந்தீங்கன்னா பிரேக் போடுறப்ப உருண்டு போயிடும்.

கண்டக்டர் தம்பி, மணப்பாறை ஒண்ணு. டிரைவரைக் கொஞ்சம் அழுத்திப் போகச் சொல்லுங்க. என்ன முறைக்கிறீங்க? காலி ரோட்டுல இப்படி உருட்டிக்கிட்டு இருக்காரு, எனக்குத் தெரியாதா? சரி சரி, நான் ஒண்ணும் சொல்லல.

என் காலைப் பாக்குறீங்களா? செருப்பு இருக்கு எனக்கு. காருக்குள்ள கிடக்கு. அந்தச் சிவப்புக் காருக்குள்ள.

திருட்டா? அட நீங்க வேற. என் காரும்மா அது. என் பேரு எழுதின காரு. ஓட்டிக்கிட்டுப் போறவ என் ஸ்டூடண்ட். டிரைவிங் சொல்லிக் குடுத்த டீச்சரை அய்யலூர்ல ஒரு புளியமரத்தடியில இறக்கி விட்டுட்டு, அந்த டீச்சர் காரையே எடுத்துக்கிட்டுப் போயிட்டா. பத்து நிமிஷம்கூட ஆகல. வெறுங்காலோட இந்த பஸ்ஸுக்குக் கை காட்டி ஏறினேன், நீங்கதான் பாத்தீங்களே.

போன் பண்ணாமயா இருப்பேன்? எடுக்க மாட்டேங்கிறா. "ஓட்டுறப்ப போன் எடுக்கக்கூடாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க"ன்னு இறக்கி விடுறப்பவே சொல்லிட்டா. என் பாடத்தை எனக்கே படிச்சுக் காட்டுறா. எங்க போயிடுவா? நாப்பதுக்கு மேல அழுத்த மாட்டா. இந்த பஸ்ஸு எப்படியும் பிடிச்சிரும்.

என் பேரு அமலோற்பவம். திண்டுக்கல்லுல அமலா மகளிர் டிரைவிங் ஸ்கூல்னு யாரை வேணும்னாலும் கேளுங்க. இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. டீச்சருங்க, நர்ஸுங்க, பேங்க்ல இருக்கிறவங்க, பூட்டுக் கடைக்காரங்க வீட்டுப் பொம்பளைங்க, எல்லாரும் என்கிட்டதான் படிச்சாங்க. இத்தனை வருஷத்துல என் வண்டி ஒருத்தரையும் இடிச்சதில்ல. ஒரே ஒரு தடவைதான். அது ஆரம்பத்துல, அதை அப்புறம் சொல்றேன்.

நீங்க கார் ஓட்டுவீங்களா? இல்லையா. சரி, அப்ப ஒண்ணு சொல்லிடறேன். எங்க வண்டியில ரெண்டு பக்கமும் மிதி இருக்கும். ஓட்டுறவங்களுக்கு முழுசா இருக்கும். பக்கத்துல உக்கார்ற எனக்கு கிளச்சும் பிரேக்கும் மட்டும் இருக்கும். அவசரத்துக்கு. அவசரத்துக்கு மட்டும்தான். இதை ஞாபகம் வச்சுக்குங்க, ஏன்னா சண்டையே இதுலதான் வந்துச்சு.

ஈஸ்டர் முடிஞ்ச வாரம் கோயம்புத்தூர்ல இருந்து ஒரு பொண்ணு வந்தா. தர்ஷனான்னு பேரு. முடியை ஆம்பளைப் பையன் மாதிரி வெட்டிக்கிட்டு, லேப்டாப்பைக் கைப்பிள்ளை மாதிரி இடுப்புல இடுக்கிக்கிட்டு வந்து நிக்கிறா. அவ ஒரு கம்பெனியில இருக்கா. கேக் செய்யத் தெரிஞ்சவங்க, பிளவுஸ் வெட்டத் தெரிஞ்சவங்க, மாடித் தோட்டம் போடுறவங்கன்னு ஆளைப் பிடிச்சு, அவங்க தொழிலைப் பாடம் பாடமா எழுதி, வீடியோ எடுத்து, போன்ல பாக்குற மாதிரி விக்கிற கம்பெனி. "உங்க இருபத்திரெண்டு வருஷ அனுபவத்தைப் பன்னிரண்டு பாடமாக்கிடலாம் மேடம்"னா. எனக்குச் சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்லணும்? திண்டுக்கல்லைத் தாண்டி என் மூஞ்சி போகுதுல்ல.

எடுத்த எடுப்புலயே சண்டை. கேமராவுக்கு முன்னாடி ஒரு கண்ணாடி வச்சிருந்தாங்க. அதுல எழுத்து மேல மேல ஓடும், அதைப் பாத்து நான் படிக்கணும். என்ன எழுதியிருந்தா தெரியுமா? "வணக்கம் தோழிகளே! ஸ்டியரிங் என்பது வெறும் சக்கரம் அல்ல. அது உங்கள் தன்னம்பிக்கை." நான் சொன்னேன், ஏம்மா, ஸ்டியரிங் வெறும் சக்கரம்தான். தன்னம்பிக்கைன்னு நினைச்சு அதைக் கெட்டியாப் பிடிச்சான்னா நேரா சாக்கடைக்குள்ள போவா. நான் இதுவரைக்கும் ஒருத்தியையும் தோழின்னு கூப்பிட்டதில்ல. "அடியே, கண்ணை ரோட்டுல வை"ன்னுதான் கூப்பிட்டிருக்கேன்.

அந்தப் பொண்ணும் விவரமானவதான், இல்லைங்கல. ரெண்டு நாள் பின் சீட்டுல உக்காந்து நான் கிளாஸ் எடுக்கிறதைக் கேட்டா. மூணாம் நாள் நான் பேசுறதையே அப்படியே டைப் அடிச்சுக் கொண்டுவந்துட்டா. வசவை மட்டும் எடுத்துட்டா. அதுக்கப்புறம் நாலு பாடம் சரசரன்னு போச்சு. சீட்டுல எப்படி உக்கார்றது, கண்ணாடி எப்படிப் பாக்குறது, கிளச்சு, கியரு. கிளச்சை எப்படி விடணும்னு சொன்னேன் பாருங்க, தூங்குற பிள்ளை தலைக்கடியில இருந்து கையை உருவுற மாதிரி விடணும்னு. கேமரா பிடிச்சுக்கிட்டிருந்தவரு கைதட்டிட்டாரு.

அந்தா சிவப்பு... இல்ல. அது வேற. போர்டு இல்ல.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், அஞ்சாவது பாடம். பிரேக்கு. "பிரேக் பத்தி ரெண்டு நிமிஷம் பேசுங்க மேடம், உங்களுக்கு எப்படி வருதோ அப்படி"ன்னா. கேமரா ஓடுது. நான் வாயைத் திறந்தேன். மாதாவே, ஒண்ணுமே வரலம்மா. "பிரேக்குன்னா... மிதிக்கணும்"னேன். "எப்ப மேடம்?"னா. "தேவைப்படுறப்ப"ன்னேன். "இப்ப தேவைப்படுதுன்னு படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க என்ன அடையாளம் சொல்வீங்க?"ன்னா. நான் யோசிச்சு யோசிச்சு, "அது காலுக்குத் தெரியும்மா, கால் சொல்லும்"னேன்.

அவ டைப் அடிக்கிறதை நிறுத்திட்டு என்னைப் பாத்து, "யாரு கால் மேடம்?"னு கேட்டா.

வந்துச்சு பாருங்க எனக்குக் கோபம். யாரு காலா? இது என்ன கேள்வி? அன்னிக்கு ஷூட்டிங் வேணாம்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

கேட்டவ சும்மா இருந்தாளா? மறுநாள் காலை கிளாஸுக்கு முன்னாடி தீப்பெட்டி அளவுக்கு ஒரு கேமராவைக் கொண்டுவந்து கீழ ஒட்டிட்டா. ஸ்டூடண்ட் கிளச்சு மிதிக்கிறதைக் கிட்டத்துல எடுக்கணும்னா. சரின்னு விட்டேன். ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தேன், புதுசாச் சேர்ந்த பொண்ணுக்கு. சாயங்காலம் என் ஆபீஸ்ல லேப்டாப்பைத் திறந்து வச்சு, "மேடம், இதைக் கொஞ்சம் பாருங்க"ன்னா.

அதுல ரெண்டு ஜோடி கால் தெரிஞ்சுச்சு. அந்தப் பொண்ணு கால் பிரேக்குக்கு வர்றதுக்கு முன்னாடியே இன்னொரு கால் மிதிக்குது. திருப்பம் வருது, மிதிக்குது. நாய் குறுக்க வருது, மிதிக்குது. ஒண்ணுமே வரல, அப்பவும் லேசா மிதிச்சுக்கிட்டே வருது. வாய் என்னடான்னா, "நல்லா ஓட்டுற, நல்லா ஓட்டுற, அப்படித்தான், பிரேக்கை மிதி, சபாஷ்"னு பேசிக்கிட்டே வருது. தர்ஷனா எண்ணி வச்சிருந்தா. ஒரு மணி நேரத்துல நூத்தி நாப்பத்தொரு தடவை.

அது என் கால் இல்லன்னேன். வேற யாரு கால் மேடம்னா. பச்சை வார் வச்ச செருப்பு என்னுதுதான். அதை எப்படி இல்லங்கிறது? ஆனா சத்தியமாச் சொல்றேம்மா, நான் மிதிச்சது எனக்குத் தெரியாது. அவசரத்துக்கு மட்டும்தான் மிதிக்கிறேன்னு இருபத்திரெண்டு வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? நான் விட்டேனா? "அதனாலதாம்மா என் வண்டி ஒருத்தரையும் இடிச்சதில்ல, இதைப் பாராட்டாம குத்தம் சொல்றியா"ன்னு கேட்டேன். அவ என் பழைய ஸ்டூடண்ட் நோட்டை வாங்கிட்டுப் போய் நாப்பது பேருக்குப் போன் போட்டிருக்கா. கோர்ஸ் விளம்பரத்துக்கு நாலு பேரு நல்லதாச் சொன்னா நல்லாயிருக்கும்னு சொல்லித்தான் வாங்கினா. நாப்பது பேரும் நல்லதாத்தான் சொன்னாங்க. "அமலா அக்கா மாதிரி வருமா, தங்கமானவங்க, பயமே தெரியாமச் சொல்லிக் குடுத்தாங்க." கடைசியில, இப்ப ஓட்டுறீங்களான்னு கேட்டிருக்கா. நாப்பதுல மூணு பேரு ஓட்டுறாங்க. மத்தவங்க லைசென்ஸு பீரோவுல இருக்கு.

நான் சொன்னேன், புருஷன் சாவியைத் தர மாட்டான், மாமியார் விட மாட்டா, தெரு குறுகலா இருக்கும், ஆயிரம் இருக்கும் பொம்பளைக்கு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? லைசென்ஸு வாங்கிக் குடுக்கிற வரைக்கும்தான் என் வேலை. அவ கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "இருக்கலாம் மேடம்"னா. அந்த "இருக்கலாம்" இருக்கு பாருங்க, அதைவிட அவ என்னைத் திட்டியிருக்கலாம்.

தண்ணி குடிக்கணுமா? குடுங்க, மூடி இறுக்கமா இருக்கும். இந்தாங்க. நான் திறந்து குடுத்தேன்னு பாக்குறீங்களா? அதுல என்ன இருக்கு.

அந்த ஒரு தடவை என்ன ஆச்சுன்னு சொல்றேன்னேன்ல. ஸ்கூல் ஆரம்பிச்ச ரெண்டாவது மாசம். ஒரு பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன், நாகல் நகர் பக்கம். அவ நல்லா ஓட்டுவா, நம்பி உக்காந்திருந்தேன். வெளிய பாத்தேன், யாரோ தெரிஞ்சவங்க போனாங்க, கை காட்டினேன். அம்புட்டுத்தான். பூ வித்துக்கிட்டிருந்த அம்மாவைத் தட்டிருச்சு வண்டி. கூடையெல்லாம் செதறி, கனகாம்பரம் பூரா ரோட்டுல. அந்தம்மாவுக்கு முழங்கால் போச்சு. பொழைச்சுக்கிட்டாங்க, ஆனா அதுக்கப்புறம் நிமிந்து நடக்கவே இல்ல. இன்னிக்கும் அந்தத் தெரு வழியா நான் போறதில்ல. அன்னிக்கு என் கால் சும்மா கிடந்துச்சும்மா. அதுக்கப்புறம் அது ஒரு நாளும் சும்மா கிடக்கல. இதை நான் தர்ஷனாகிட்டச் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? வீடியோவுல போட்டுருவா.

வையம்பட்டி வந்துருச்சா? இன்னும் காணோமே. நாப்பதுலதானே போவா? ஒருவேளை எங்கயாச்சும்... இல்ல. இல்ல. அப்படியெல்லாம் நினைக்கக்கூடாது.

அப்புறம் பன்னிரண்டாவது பாடத்துக்கு வந்தோம். தர்ஷனா என்ன எழுதியிருந்தா தெரியுமா? "பாடம் பன்னிரண்டு: டீச்சர் இறங்கிவிடுகிறார்." படிக்கிறவளைத் தனியா ஓட்ட விட்டுட்டு நான் ரோட்டோரமா நின்னு கை ஆட்டணுமாம். பேப்பரை நாலாக் கிழிச்சு அவ கையில குடுத்தேன். என் வண்டியில இருந்து நான் இறங்குறதா? எவளாவது செத்து வச்சா நீயா பதில் சொல்வேன்னு கத்தினேன். அவ அழல, கோபப்படல. "சரி மேடம், இறங்க வேணாம். காலை மட்டும் மேல தூக்கி வச்சுக்குவீங்களா?"னு கேட்டா.

கேட்டீங்களா? சின்னப் பொண்ணு, எனக்குச் சவால் விடுறா. தூக்கி வச்சுக்கிறேன்டி, சம்மணமே போட்டு உக்கார்றேன், திண்டுக்கல்லுல இருந்து மணப்பாறை வரைக்கும் பைபாஸ்ல, என் ஸ்டூடண்ட் ஒருத்தி ஓட்டுவா, நீ படம் எடுத்துக்கன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு யாரைக் கூப்பிடுறது? நாப்பது பேர்ல ஒருத்திதான் வர்றேன்னா. அவதான் இப்ப போறாளே, ரஞ்சிதம்.

நர்ஸு அவ. ஆறு வருஷத்துக்கு முன்னாடி திண்டுக்கல்லுல வேலை பாத்தப்ப என்கிட்ட படிச்சா. இப்ப மணப்பாறையில இருக்கா. அவ வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, கண்ணுக்கு இறங்கிருச்சு. இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதுன்னுட்டாங்க. மாசாமாசம் மதுரைக்குப் போயி கண்ணுல ஊசி போடணும். வீட்டு வாசல்ல கார் உறை போட்டு நிக்குது, இவ அந்த மனுஷன் கையைப் பிடிச்சுக்கிட்டு பஸ்ஸுல நின்னுக்கிட்டே போறா. "எனக்கு ஓட்ட வரணும்க்கா, வந்தே ஆகணும்"னு போன்ல சொன்னா. ஒரு வாரம் லீவு போட்டுத் திண்டுக்கல்லுக்கு வந்து என்கிட்ட மறுபடி ஓட்டிப் பழகினா. நல்லாத்தான் ஓட்டினா. அப்படின்னுதான் நான் நினைச்சேன்.

இன்னிக்குக் காலையில ஏழரைக்குக் கிளம்பினோம். தர்ஷனா முன்னாடியே மணப்பாறைக்குப் போயிட்டா, நாங்க வந்து இறங்குறதைப் படம் பிடிக்க. வண்டிக்குள்ள மூணு கேமரா ஒட்டியிருக்கா. நான் செருப்பைக் கழட்டிப் பின் சீட்டுல போட்டேன், பெல்ட்டைப் போட்டேன், சம்மணம் போட்டேன். "போடி"ன்னேன். தாமரைப்பாடி வரைக்கும் சம்மணம் நின்னுச்சு. வடமதுரைக்கிட்ட ஒரு மினிபஸ்ஸு குறுக்க திரும்பினான், வலது கால் இறங்கிருச்சு. நான் இறக்கல. தானா இறங்கிருச்சு. அப்புறம் கால் மரத்துப் போச்சுன்னு இடது காலையும் இறக்கினேன். மரத்துத்தான் போச்சு, பொய் சொல்லல.

அய்யலூர் தாண்டினதும் ஆட்டுக்கூட்டம். அவ பிரேக்குக்குக் காலைக் கொண்டுவந்துட்டா, நான் பாத்தேன். ஆனா என் கால் முந்திக்கிச்சு. வண்டி நின்னுச்சு. ஆடு பூரா அங்கிட்டுப் போயிருச்சு. அவ ஓரமாக் கொண்டுபோய் நிறுத்தினா. இண்டிகேட்டர் போட்டா, நியூட்ரல் பண்ணினா, ஹேண்ட் பிரேக்கை இழுத்தா. எல்லாம் வரிசையாச் செஞ்சா. செஞ்சுட்டு, "அக்கா, இறங்குங்க"ன்னா.

"ஏன், டீ குடிக்கணுமா?"ன்னேன்.

"இல்லக்கா. நான் தனியாப் போறேன்."

"என்னடி பேசுற? லாரி வர்ற ரோடு இது."

"மிதி கீழ போச்சுக்கா. நான் மிதிக்கல." அதட்டியெல்லாம் சொல்லலம்மா, மெதுவாச் சொல்றா. ஊசி போடுறவளாச்சே, அப்படித்தான் பேசுவா. "எங்க எல்லாருக்கும் அப்பவே தெரியும்க்கா. நீங்க மிதிச்சா எங்க மிதியும் தானா இறங்கும்ல. நாங்க பேசிச் சிரிச்சுக்குவோம். அமலா அக்கா இருக்காங்க, நம்ம ஸ்டியரிங்கை மட்டும் பிடிச்சுக்கிட்டு வந்தாப் போதும்னு. லைசென்ஸு வாங்கின மறுநாள் எங்க வீட்டுக் காரை எடுத்தேன். தெருமுக்குல மாடு நின்னுச்சு. மிதி தானா இறங்கும்னு உக்காந்திருந்தேன்க்கா. இறங்கல. மாடு தப்பிச்சிருச்சு. காம்பவுண்டு சுவருதான் போச்சு. அன்னிக்கு ஆணியில மாட்டின சாவிதான்."

ஆத்தாடி, எனக்கு எப்படி இருந்திருக்கும்? "இதை ஏண்டி என்கிட்டச் சொல்லல, ஆறு வருஷமா?"ன்னு கேட்டேன்.

"நீங்க யாரைக்கா பேச விட்டீங்க?"ன்னா.

நான் பேச விடலையாம். நானா? நீங்களே சொல்லுங்க, ஏறினதுல இருந்து உங்களை நான் பேச வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னேனா?

நல்லாத் திட்டினேன் அவளை. நன்றி கெட்டவளே, என் வண்டி, என் கோர்ஸு, இறங்க மாட்டேன்னேன். அவ கையை மடியில வச்சுக்கிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. "அடுத்த வாரம் அவரைக் கூட்டிட்டு மதுரைக்குப் போறப்ப நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்கள்லக்கா"ன்னா. அம்புட்டுத்தான் சொன்னா.

இறக்கி விட்டுட்டான்னு உங்ககிட்டச் சொன்னேன்ல? அது சும்மா, கோபத்துல. அவ தள்ளல. பெல்ட்டைக் கழட்டினது நான்தான், கதவைத் திறந்ததும் நான்தான். ஏன் திறந்தேன்னு எனக்கே தெரியல. இறங்கி நின்னப்புறம்தான் கீழ பாக்குறேன், செருப்பு இல்ல. அதுக்குள்ள அவ கிளம்பிட்டா. கிளச்சை விட்டா பாருங்க, ஒரு குலுக்கல் இல்ல. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே.

கொஞ்சம் எந்திரிங்க, முன்னாடி தெரியல. அந்தா! அந்தா போகுது பாருங்க, மஞ்சள் போர்டு! வைக்கோல் டிராக்டருக்குப் பின்னாடி! மாதாவே, போய்க்கிட்டு இருக்கா. நல்லாப் போய்க்கிட்டு இருக்கா. ஏண்டி டிராக்டரை இவ்வளவு ஒட்டிப் போற, தள்ளிப் போ, தள்ளிப் போடி. டிராக்டர்காரன் நிறுத்துறானே, கையைக் காட்டாம நிறுத்துறானே பாவி, பிரேக்கு, பிரேக்கு, பிரேக்கைப் போடு!

எரிஞ்சுச்சு! பாத்தீங்களா? பின்னால சிவப்பு விளக்கு எரிஞ்சுச்சு பாருங்க! போட்டுட்டா. வண்டியில வேற யாரும் இல்லம்மா. பக்கத்து சீட்டு காலி. அது அவ கால். அவ காலேதான்.

நான் அழல. காத்து அடிக்குது ஜன்னல்ல. ஏம்மா, உங்க காலும் பலகையை அழுத்திக்கிட்டு இருக்கு, பாத்தீங்களா? சிரிக்காதீங்க, அது அப்படித்தான் தொத்தும்.

இப்ப தாண்டப் போறோம். ரஞ்சிதம்! ஏ ரஞ்சிதம்! இங்கிட்டு! திரும்பல பாருங்க. இவ்வளவு கத்துறேன், திரும்பிக்கூடப் பாக்கல. கண்ணை ரோட்டுல வச்சிருக்கா. ரெண்டு கையும் ஸ்டியரிங்ல. உதட்டைக் கடிச்சுக்கிட்டு இருக்கா. அவ யாரையும் தேடல. நல்லது. அப்படித்தான் இருக்கணும்.

நான் தோத்துட்டேன்னு மட்டும் நினைச்சிராதீங்க. ஓட்டுறது யாரு? என் ஸ்டூடண்ட். இறங்கினது யாரு? நான். அப்ப பன்னிரண்டாவது பாடம் யாரோடது? தர்ஷனா முகத்துக்கு நேரா சொல்லிருவேன், அதை நான் யோசிச்சதுன்னுதான் போடணும்னு. கிழிச்ச பேப்பரை அவ ஒட்டி வச்சிருந்தாலும் சரி. அந்தப் புதுப் பொண்ணு இருக்குல்ல, நூத்தி நாப்பத்தொரு தடவை, அதுக்கும் நாளையில இருந்து வேற மாதிரிதான் கிளாஸு. பூக்காரம்மா வீடு நாகல் நகர்லதான் இருக்கு. ஒரு நாள் போகணும். போவேன்.

அஞ்சாவது பாடம் பாக்கி இருக்குல்ல. எனக்கு இப்ப தெரியும் என்ன பேசணும்னு. ரெண்டு நிமிஷமெல்லாம் வேணாம். கேமராவைப் பாத்துச் சொல்வேன், "அடியே, பிரேக்கு உன் காலுக்குக் கீழ இருக்கு. என் காலுக்குக் கீழ இல்ல." அவ்வளவுதான். வசவை எடுக்கக்கூடாதுன்னு சொல்லிருவேன்.

தம்பி, மணப்பாறை, இறங்கணும்! கொஞ்சம் வழி விடுங்கம்மா. உங்க பையை இறக்கித் தரட்டுமா? நீங்க திருச்சியா? அப்ப இருக்கட்டும், நீங்களே இறக்கிக்குவீங்க. அந்தா தர்ஷனா கேமராவோட நிக்கிறா. பின்னாடியே ரஞ்சிதமும் வந்துருவா, அஞ்சு நிமிஷம். வந்ததும் என்னை முன்னாடி வந்து உக்காரச் சொல்லுவா, பாவம், மரியாதை தெரிஞ்சவதான். நான் மாட்டேன். அவ வீடு வரைக்கும் அவளே ஓட்டட்டும், நான் பின் சீட்டுல ஏறிக்கிறேன். அவ சொன்னாங்கிறதுக்காக ஒண்ணும் இல்ல. என் செருப்பு அங்கதான் கிடக்கு.